நீல மூடி

என் அண்ணிக்கு வேலை செய்யும் இடத்தில் புயல் என்று பெயர். வைத்தது நான்தான். நனைந்த படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து உருவித் தள்ளுவண்டியில் வீசும் வேகத்தைப் பார்த்தால் நீங்களும் அதைத்தான் வைத்திருப்பீர்கள். ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் வேலை பார்ப்பது. முதலாளி காதில் விழுந்தால் சிரிப்பார். அண்ணி ஈரப் பகுதியில், நான் தேய்ப்பு மேசையில். நடுவில் ஒரு ரப்பர் திரை. அண்ணியின் குரலுக்கு அந்தத் திரையும் கிடையாது, சுவரும் கிடையாது. இயந்திரங்கள் அத்தனையும் ஓடும்போதும் அவள் யாரைத் திட்டுகிறாள் என்று எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதும் கிடையாது, மகள் கல்யாணமாகித் தொலைவுக்குப் போகும்வரை. புகுந்த வீட்டில் போன் பேசினால் பக்கத்தில் ஆள் இருக்கும். அதனால் மகள் மனதில் இருப்பதை எழுதித்தான் அனுப்புவாள். என் அண்ணன் வாயில்லாப் பூச்சி. எவ்வளவு நீளமாக எழுதியிருந்தாலும் “நல்லா இருக்காளாம்” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆகவே படித்துக் காட்டும் உத்தியோகம் எனக்கு வந்தது. நான் சும்மா படிப்பேனா? ‘மாமியார் திட்டினாங்க’ என்று இருந்தால், “பின்னே, உங்க பொண்ணு பாத்திரத்தை ஊறப் போட்டுட்டுத் தூங்கியிருப்பா” என்று என் பங்குக்கு நாலு வார்த்தை சேர்த்துத்தான் படிப்பேன்.

ஒருநாள் அண்ணி போனை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

“எம் பொண்ணு எனக்கு எழுதுறத உன் வாயால கேக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்து? நானே படிச்சுக்கிறேன், போ.”

“படிங்களேன். யாரு வேணாம்னா?”

வீம்புக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த வாரமே முதியோர் வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

வகுப்பு நூலகத்தின் பின்னறையில், வேலை விட்டதும் சாயங்காலம் நடக்கும். செலவு அரசாங்கத்தினுடையது. சொல்லிக்கொடுத்த டீச்சர் ஒல்லியான பெண், வருஷத்துக்கு வருஷம் வேலையைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியவள். நல்ல பொறுமை. சோப்பு உறை, பஸ் பலகை, பழைய பத்திரிகை என்று கையில் கிடைத்ததை வைத்துச் சொல்லிக்கொடுப்பாள். அண்ணிக்குப் பக்கத்து இருக்கையில் தெருவில் முட்டை விற்கும் அம்மா. இரண்டு பேரும் சேர்ந்தால் படிப்பு பாதி, வம்பு பாதி. ஆனாலும் கொஞ்ச நாளில் அண்ணி எழுத்தை எழுத்தோடு கூட்ட ஆரம்பித்திருந்தாள். போனைக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு ‘அ... ம்... மா’ என்று ஒரு சொல்லைப் பிடித்துவிட்டு, என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஊரையே விலைக்கு வாங்கியவள் மாதிரி இருந்தாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. தொழிலாளர் திறன் சட்டம் என்று பேர். டீச்சர் அதை வகுப்பில் விளக்கிய விதத்தை அண்ணி வீட்டில் அப்படியே நடித்துக் காட்டினாள். இனிமேல் படிப்புக்குப் பணம் கிடையாது, படித்தவருக்கு வேலை கிடைத்தால்தான் பணம். வருஷ முடிவுக்குள் சான்றிதழ் வாங்கிப் புது வேலையிலோ உயர்ந்த வேலையிலோ சேர்ந்தவர்கள்தான் கணக்கில் வருவார்கள். போதிய ஆள் தேறாவிட்டால் வகுப்பை மூட வேண்டியதுதான். சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. ப்ளீச், ஆசிட் மாதிரி ஆபத்தான மருந்துகள் இருக்கும் அறையில் சான்றிதழ் உள்ளவரைத்தான் வைக்க வேண்டும். வைத்துவிட்டால், எச்சரிக்கைகளைப் படித்து நடப்பது அந்த ஆளுடைய பொறுப்பு. அப்படி ஆள் வைக்கும் முதலாளிக்கு வரியில் சலுகை உண்டு.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. எல்லாருக்கும் லாபம் என்று யாராவது சொன்னால், யார் தலையில் விடியப்போகிறது என்றுதான் என் புத்தி முதலில் தேடும்.

முதலில் விடிந்தது முட்டைக்கார அம்மாவின் தலையில். சொந்தமாக வியாபாரம் செய்பவருக்கு வேலை வாங்கிக் கொடுக்க முடியாது, அதனால் வகுப்பில் இடம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா எங்கள் வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: “நான் செய்யுறது வேலையே இல்லையாம். அப்போ இத்தன வருஷமா நானா முட்டை போட்டுட்டிருந்தேன்?” அண்ணி சிரித்து உருண்டாள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

அடுத்து பாடம் மாறியது. சோப்பு உறையும் பத்திரிகையும் போய், ‘வேலைக்கான வாசிப்பு’ என்று ஒரு சின்னப் புத்தகம் வந்தது. எங்கள் சலவைக்கூடமே இலவசமாக அச்சடித்துக் கொடுத்தது. உள்ளே எங்கள் சாமான்களின் படங்கள்தான். நீல மூடி போட்ட ட்ரம், கீழே ‘ப்ளீச்’. வெள்ளை மூடி போட்ட ட்ரம், கீழே ‘ஆசிட்’. அப்புறம் எச்சரிக்கை வாசகங்கள் கொஞ்சம். தேர்வும் அந்தப் புத்தகத்திலிருந்துதான். வகுப்பு முழுக்க நாள் தவறாமல் அதையே சத்தம் போட்டுப் படித்தார்கள். அண்ணி சமைக்கும்போதும் அதையே ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேர்வில் தேறினாள். கூடத்தில் மருந்து அறை வேலை இனி அவளுக்குத்தான் என்றார்கள். சான்றிதழைக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, புத்தகத்தை விரித்து எங்கள் இருவருக்கும் படித்துக் காட்டினாள். தங்குதடையில்லாமல் வந்தது. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவள் கண் எழுத்தின் மேல் ஓடவில்லை, படத்தின் மேலேயே நின்றது. நான் உள்ளங்கையால் படத்தை மறைத்தேன்.

அண்ணி நின்றுபோனாள்.

“கைய எடுடி.”

மேசையில் கிடந்த பத்திரிகையைக் காட்டினேன். தலைப்பில் ‘எச்சரிக்கை’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன் அதே சொல்லைப் புத்தகத்தில் கணீரென்று படித்தவள்தான். இப்போது உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“அண்ணி, உங்களுக்குப் படிக்கத் தெரியல. மனப்பாடம் பண்ணியிருக்கீங்க.”

“கூட்டிப் படிக்க வந்துட்டிருந்துச்சு. அதுக்குள்ள பாடத்த மாத்திட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வந்திருக்கும்.”

“அப்போ மருந்து அறைக்குப் போக மாட்டேன்னு சொல்லிடுங்க.”

“நான் போகலன்னா ஆளு குறையும். வகுப்பை மூடிடுவாங்க. டீச்சருக்கு வேலை போயிடும். நான் அங்க போய்க்கிட்டே சாயங்காலம் வகுப்புக்கும் போய் மிச்சத்தைக் கத்துக்கிறேன்.”

“சான்றிதழ் வாங்கினவங்களுக்கு வகுப்புல இடம் கிடையாதாமே. டீச்சர் சொல்லலையா?”

சொல்லவில்லை போலிருக்கிறது. அண்ணி புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

“அவங்களுக்குத் தெரியாதுன்னு நீ சொல்ற. தெரியும்னு அரசாங்கம் சொல்லுது. நான் யார நம்புறது?”

“நீங்களே ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பாருங்க சார்.”

“அது என் வேலை இல்லம்மா. சான்றிதழ் பொய்யின்னா கொடுத்த டீச்சர் மேலதான் கேஸ் வரும். எழுதிக் கொடுக்கிறியா?”

எழுதிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. ஆனால் நான் போய்ச் சொன்னது எப்படியோ அண்ணியின் காதுக்குப் போய்விட்டது. அதன்பின் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் அனுப்பும் செய்திகள் போனில் படிக்கப்படாமலேயே சேர்ந்துகொண்டிருந்தன.

அவள் வேலைக்குப் போன மருந்து அறை, கூடத்தின் பின்னால் ஜன்னல் இல்லாத அறை. அங்கிருந்து குழாய்கள் வழியாக ப்ளீச்சும் ஆசிட்டும் இயந்திரங்களுக்குப் போகும். ப்ளீச் கறை போக்க. ஆசிட் கடைசி அலசலில் சோப்பின் காரத்தை முறிக்க. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாத பங்காளிகள். சேர்ந்தால் விஷப் புகை கிளம்பும். அது அண்ணிக்கு நன்றாகவே தெரியும். அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. ட்ரம் தீரும் நேரத்தில், அடியில் தங்கியதை வீணாக்காமல் அதே மருந்தின் புது ட்ரம்மில் கவிழ்த்துவிடுவார்கள். நீல மூடியின் மிச்சம் நீல மூடிக்குள், வெள்ளையின் மிச்சம் வெள்ளைக்குள். அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அவள் படித்த புத்தகத்திலும் மூடிகளின் நிறம் அப்படித்தான் இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாதத்தில் மருந்து கொண்டுவரும் கம்பெனி மாறியது. விலை குறைவாம். அந்தக் கம்பெனிக்காரர்களின் ட்ரம்மில் ஆசிட்டுக்குத்தான் நீல மூடி. அதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? ட்ரம்மின் மேல் பெரிதாக எழுதியிருக்கிறது, உள்ளே இருப்பவள் சான்றிதழ் வாங்கியவள்.

அந்த ட்ரம்கள் வந்திறங்கிய மறுநாள் காலை நான் ஆஸ்பத்திரித் தலையணை உறைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். திரைக்கு அப்பால் அண்ணி யாரையோ, தள்ளுவண்டியை வழியில் நிறுத்தியதற்காகத் திட்டிக்கொண்டே மருந்து அறைப் பக்கம் போனது கேட்டது. கொஞ்ச நேரம் அங்கிருந்தும் அவள் குரல் வந்தது. பிறகு பாதி வார்த்தையில் நின்றது.

நான் தேய்ப்புப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். கதவைத் திறந்ததும் மூக்கிலும் கண்ணிலும் மிளகாயை அரைத்து அப்பினாற்போல் எரிந்தது. தரையோடு தரையாகப் பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை. கதவுக்கு ஒரு கை தூரத்தில் அண்ணி குப்புறக் கிடந்தாள். நானும் இன்னொருத்தியும் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு அவளுடைய காலைப் பிடித்து இழுத்தோம்.

பிழைத்தாள். நுரையீரல் பாதி வெந்துபோனது என்றார் டாக்டர். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். குரல் போயிற்று. அவ்வளவு பெரிய குரல், காகிதத்தைக் கசக்கும் சத்தமாகச் சுருங்கிவிட்டது. அதையும் செலவழிக்கக் கூடாது என்றார்கள்.

பேச முடியாதவள் என்ன செய்வாள்? போனை எடுத்தாள். படுக்கையில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித்தான் எங்களிடம் தண்ணீர் கேட்டாள். முதலில் தப்பும் தவறுமாக வந்தது. முட்டைக்கார அம்மா பார்க்க வரும்போது, வகுப்பில் விட்ட இடத்திலிருந்து இரண்டு பேரும் கூட்டிப் படிப்பார்கள். அப்புறம் மகளுக்கு எழுதினாள், மகள் எழுதியதைப் படித்தாள். என் உதவி வேண்டியிருக்கவில்லை. யாருக்கும் சான்றிதழ் தேவைப்படாத நேரத்தில் என் அண்ணி உண்மையாகவே படிக்கக் கற்றுக்கொண்டாள். என்னோடு பேச்சும் திரும்பியது. போனில்தான், அதுவும் திட்டுத்தான்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விஷயம் எளிது. சான்றிதழ் இருந்தும் அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று நிரூபணமானால், தெரியாதவளை அந்த அறையில் வைத்தது தப்பு. வைத்தியத்துக்கும் இனிமேல் வேலை செய்ய முடியாததற்கும் நஷ்டஈடு உண்டு. தெரியும் என்றால், படித்தும் கவனிக்காமல் போனது அவளுடைய குற்றம்; ஒன்றும் கிடையாது. முந்தின நாள் நான் படித்துப் படித்துச் சொன்னேன்.

“என்ன கொடுத்தாலும் தெரியலன்னு தலையாட்டுங்க அண்ணி. முன்னால தெரியாதுன்றது நெஜந்தானே? அதுல பொய் ஒண்ணும் இல்ல.”

‘சரி’ என்று தட்டிக் காட்டினாள்.

சலவைக்கூடத்து அலுவலக அறையில்தான் விசாரணை. தொழிலாளர் துறை அதிகாரி, மேனேஜர், சூப்பர்வைசர். மூலையில் டீச்சர், மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு. பொய்ச் சான்றிதழ் கொடுத்தது உறுதியானால் அவள் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும் என்று வாசலிலேயே பேசிக்கொண்டார்கள். அண்ணி ப்ளீச் மிச்சத்தைக் கவிழ்த்த அந்த நீல மூடி ட்ரம்மின் மேல் ஒட்டியிருந்த தாளை உரித்து எடுத்து, அதிகாரி மேசையில் அண்ணியின் முன்னால் தள்ளினார்.

“இதப் படிக்க முடியுமாம்மா உங்களால?”

அண்ணி தாளைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அண்ணியின் முதுகில் மெதுவாகக் கிள்ளினேன்.

மேனேஜர் அதிகாரியிடம் தணிந்த குரலில் சொன்னார்: “பாவம், இவங்களுக்கெல்லாம் எங்க சார் வரும்? வயசு போன காலத்துல.”

அண்ணி தாளைக் கையில் எடுத்தாள். ஒரு விரலை எழுத்தின் அடியில் வைத்தாள். அந்தக் கசங்கிய குரலில், இடையில் இருமி, மூச்சு வாங்கி, விரலை நகர்த்தி நகர்த்திப் படித்தாள்.

“ஆசிட். எச்... சரிக்கை. ப்ளீச்சுடன் கலக்கக் கூடாது. உயிருக்கு ஆ... பத்து.”

கடைசிச் சொல்வரை விடவில்லை. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டீச்சருக்காகப் படித்தாளா, மேனேஜர் சொன்னதற்காகப் படித்தாளா, இல்லை படிக்கத் தெரிந்துவிட்டதால் படிக்காமல் இருக்க முடியவில்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த நிமிஷம் அவளை அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

“நல்லாவே படிக்கிறாங்களே” என்று சொல்லிவிட்டு அதிகாரி பேனாவை மூடினார்.

வெளியே வந்தோம். மருந்து அறைக் கதவு திறந்திருந்தது. அந்த வருஷம் வகுப்பில் தேறிய பெண் ஒருத்தி, வேலைக்குப் புதிது, ஓரமாக நின்று ட்ரம்களின் நீல மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வாய் வரை வசவு வந்து நின்றது. அண்ணி என் கையைப் பிடித்து, போனை எடுக்காமல், டாக்டர் செலவழிக்கக் கூடாது என்ற குரலிலேயே கேட்டாள்.

“தப்பில்லாம படிச்சேனா?”

“தப்பில்லாம படிச்சீங்க, அண்ணி” என்றேன்.