படிகத்தைப் பார்க்க வந்த அம்மா

வேலூரில் நான் ஆராய்ச்சி செய்த கூடத்தில் நாங்கள் இரண்டு பெண்கள்தான். மற்றவள் ஆம்பூர்க்காரி. அவள் அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தார். கண்ணாடிக் குழாய்க்குள் கரிமப் பொருளை உலைச் சூட்டில் ஆவியாக்கி அவள் படிகம் வளர்ப்பாள். நான் அதில் மின்முனை பதித்து, மின்சாரம் செலுத்தி ஒளிரவைக்கப் பார்ப்பேன்.

சாதாரண விளக்கின் ஒளி எல்லாத் திசையிலும் அதிரும். படிகத்தில் மூலக்கூறுகள் ஒரே வரிசையில் இருப்பதால், அதன் ஒளி ஒரே திசையில் அதிர வேண்டும். முன்னால் ஒரு வடிகட்டித் தகட்டைப் பிடித்துத் திருப்பினால், ஒரு கோணத்தில் அணைந்ததுபோல் இருண்டுவிடும். அந்த இருட்டைப் பார்க்கத்தான் இரண்டு வருஷம் காத்திருந்தோம்.

காய்ச்சல் என்று ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனாள். டெங்கு. வியாழக்கிழமை இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்து வந்து கூடத்தைத் திறந்தால், உலை ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே, ஊருக்குப் போகும்முன் அவள் வைத்த குழாய். நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அவளை மண்ணில் இறக்கிய நேரத்திலும் உள்ளே படிகம் வளர்ந்திருக்கிறது. அவ்வளவு பெரிய, பழுதில்லாத படிகம் எங்களுக்கு அதுவரை வாய்த்ததில்லை.

இடுக்கி பட்டால் நொறுங்கிவிடும் என்று, தன் தலைமுடி ஒன்றைக் குச்சியில் ஒட்டி அதைக் கொண்டுதான் படிகத்தைத் தூக்குவாள். அந்தக் குச்சி மேசையில் அப்படியே இருந்தது. வேறு வழியில்லாமல் அதையே எடுத்தேன். படிகம் முடியில் ஒட்டிக்கொண்டு மேலே வந்தது.

மின்முனை பதித்த நாலாம் நாள் அது நீலமாக ஒளிர்ந்தது. தகட்டைத் திருப்பினேன். முழுக்க இருண்டது. பக்கத்து நாற்காலியை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்க்க, அதைக் காற்றுப் புகாத பெட்டியில் எரியவிட்டிருந்தபோது அவள் அம்மா வந்தார். மகள் விட்டுப்போன செருப்பு, டிபன் பாக்ஸ், துப்பட்டா எல்லாவற்றையும் பையில் வைத்துக்கொண்டு, தயங்கிக் கேட்டார்.

"லைட்டு லைட்டுன்னு சொல்லிக்கினே இருப்பா. அது இன்னாதும்மா? ஒரு வாட்டி காட்டேன்."

பெட்டியின் சின்னக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தால் வெறும் நீலக் கசிவுதான் தெரியும். ஒழுங்காகக் காட்டத் திறக்க வேண்டும். திறந்தால் காற்றுப் பட்டு அளவீடு கெட்டுவிடும். கண்ணாடிமேல் கையை வைத்தபடி, "அது எரிஞ்சு போச்சும்மா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அது தானாகவே அணைந்துபோயிருந்தது.

எங்கள் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அவள் பெயர்தான் முதலில். அதை எடுத்துக்கொண்டு ஆம்பூர் போய், அன்று சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்மா," என்றார். "உன் வெரலு சந்துல நீலமா தெரிஞ்சினு இருந்திச்சு. ஏன் காட்டலன்னுதான் தெரியல."

காரணத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கட்டுரையில் மகளின் பெயர் எது என்று விசாரித்து, அதன்மேல் விரலை வைத்தார்.

"அவளா இருந்தா தெறந்து காட்டியிருப்பா."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவரை, அவள் காட்டித்தான் இருப்பாள்.