போர்டில் பாதி சுப்பிரமணிய பிள்ளை

சி மொழியில் ப்ரோகிராம் எழுதிப் பிழைக்கும் தோழர்களே, ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், நம் எழுத்துக்கு மூன்று பைட்டில் ஆரம்பம் என்பதை நாமெல்லோரும் யார் முன்னாலாவது அவமானப்பட்டுத்தான் கற்றிருப்போம்.

தியேட்டர் வாசல்வரை

தம்பானூரில் ஒரு கண் மருத்துவமனைக்கு, அடுத்த நோயாளியின் பெயரைத் தமிழில் காட்டும் போர்டு செய்தோம். வேலையில் சேர்ந்து நான் எழுதிய முதல் ப்ரோகிராம். பெயருக்கு இருபத்துநாலு இடம் விட்டிருந்தேன். என் பெயரை ஆங்கிலத்தில் போட்டு டெஸ்டும் செய்திருந்தேன். அது இருபத்துநாலு எழுத்தில்லை, இருபத்துநாலு பைட் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

முதல் நாள் ஆபரேஷனுக்கு சுப்பிரமணிய பிள்ளையைக் கூப்பிட வேண்டிய போர்டு, 'சுப்பிரம' என்று நின்றுவிட்டது. சுப்பிரமணியன் என்று இன்னொருவர் எழுந்து போய்விட்டார். தியேட்டர் வாசலில் அவரைப் பிடித்து நிறுத்திய ஷீபா சிஸ்டர் என்னிடம் சொன்னார்: "மோளே, இந்தாள் கண்ணாடி மாத்த வந்ததாணு. கொஞ்சம் விட்டிருந்தா ஆபரேஷனே கழிஞ்சிருக்கும், கேட்டோ!"

பின்வாங்கிய ப்ரோகிராம்

போர்டு சரியாகும்வரை பெயர்களை நானே மைக்கில் கூப்பிட வேண்டும் என்று எங்கள் டீம் லீட் பிஜு சேட்டன் ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்லக் கூசி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள் நான். மறுநாள் காலையில் மைக்கைப் பிடித்தேன். 'சு' வந்தது, மீதி வரவில்லை.

மதியம் வெறியோடு உட்கார்ந்தேன். ஓர் எழுத்து எத்தனை பைட் என்று mblen சொல்லும். அத்தனை தள்ளிப் போய் அடுத்ததை எண்ண வேண்டும். ஆனால் வரப்போவது எந்த மொழி என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் setlocale வரியை எழுத மறந்திருந்தேன். அதனால் தமிழைக் கண்டதும் mblen, 'தெரியாது' என்பதற்கு அடையாளமாக, 'மைனஸ் ஒன்று' என்றது. அதையும் விசுவாசமாகக் கூட்டினேன். ப்ரோகிராம் பெயருக்கு முன்னால் இருக்கும் டோக்கன் நம்பரைத் தாண்டும், முதல் எழுத்தைத் தொடும், ஓரடி பின்வாங்கும், மறுபடி தொடும். அரை மணி நேரம் அதே ஆட்டம். எட்டிப் பார்த்த பிஜு சேட்டன் சொன்னார்: "எடோ, இது நீ மைக் முன்னால நிக்கிறது போலயே உண்டல்லோ!"

யார் கண்ணுக்கு

நாலாம் நாள் போர்டு சரியாயிற்று. 'பேச்சியம்மாள்' என்று முழுசாக வந்தது. நிம்மதியாக மைக்கை அணைத்துவிட்டேன். யாரும் எழவில்லை. கடைசி பெஞ்சில் வித்துராவிலிருந்து வந்த ஓர் அம்மா, ஒரு கண்ணில் கட்டும் மறு கண்ணில் சொட்டு மருந்துமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய், அவர் கையிலிருந்த டோக்கனைப் பார்த்து, "அம்மா, போர்டுல உங்க பேரு வந்தாச்சே" என்றேன்.

"போர்டு உங்க கண்ணுக்கு, பிள்ள. எங்களுக்கு நீ கூப்பிடு."

திரும்பிப் போய், மைக்கைப் போட்டுக் கூப்பிட்டேன். ஒரு பெயர் பாதியில் நிற்காமல் வெளியே வர போர்டுக்கு நாலு நாள் ஆயிற்று, எனக்கும் அதே நாலு நாள்தான்.