மூத்தவள் யார்

கலாராணி யசோதினியைவிடக் கால்மணி நேரம் முன்னால் பிறந்தவள். ஆனாலும் வீட்டில் அவள்தான் தங்கச்சி. கண்டிக்கு அருகே பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இரட்டைப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் முறை. கருவில் முதலில் தங்கியது உள்ளே போய்விடுமாம். பின்னால் வந்தது வாசலோரம் நின்று முதலில் இறங்கிவிடுமாம். கண்டி பஸ்ஸில் கடைசியாக ஏறித் தொங்குகிறவன் முதலில் இறங்குவதில்லையா, அந்த மாதிரி. உள்ளே போய் எட்டிப் பார்த்த புண்ணியவான் யாரோ!

அக்கா என்பதால் பள்ளியில் உயர்தர வகுப்பு படிக்க யசோதினி போனாள். ஒருத்தியைத்தான் அனுப்ப முடியும் என்று அம்மா பாப்பம்மா சொல்லிவிட்டாள். கலாராணி கண்டியில் ஒரு புடவைக் கடையில் கால் வீங்க நின்றாள். அக்கா என்பதால் கல்யாணமும் யசோதினிக்குத்தான் முதலில். கலாராணியைக் கேட்டு வந்த சஞ்சீவ், பக்கத்துக் கடையில் போன் திருத்துகிறவன், மூன்று வருஷம் காத்துக் கிடந்தான். போன ஆவணியில் யசோதினி கல்யாணமாகி மாத்தளைக்குப் போனாள். தையில் தனக்கு என்று கலாராணி கூறைப்புடவைகூட எடுத்துவிட்டாள்.

மார்கழியில் அப்பா ராஜலிங்கம் பக்கவாதத்தில் விழுந்தார். பேச்சு போய்விட்டது, காது மட்டும் நன்றாகக் கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவந்த அன்று பாப்பம்மா இரண்டு மகள்களையும் கட்டிலருகே கூப்பிட்டாள். அம்மா கொழுந்து பறிக்கப் போனால்தான் தோட்டம் கொடுத்த லயத்து வீடு மிஞ்சும். பகலில் அவரைத் தூக்கித் திருப்ப ஒருத்தி வேண்டும். யசோதினி தன் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலா, கடைய விட்டுடு. கல்யாணத்தப் பொறவு பாத்துக்கலாம்" என்றாள் பாப்பம்மா.

"ஏம்மா, அக்காதானே மூத்தவ?"

பாப்பம்மா அலுமாரியைத் திறந்து, பிரசவத்தன்று கொடுத்த ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டை நீட்டினாள். "அஞ்சு மணிக்கு நீ, அஞ்சே காலுக்கு அவ. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு, நீதான்டி மூத்தவ. மூத்தவதான் அப்பனப் பாக்கணும்."

இருபத்தாறு வருஷம் அந்தச் சீட்டு சேலைகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது.

"சரிம்மா, நான்தான் மூத்தவ. அப்ப மூத்தவ சொன்னா கேக்கணும்ல?" என்றவள், அக்காவை முதன்முறையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "யசோ, நாளைக்கு வேன் புடிச்சு அப்பாவ ஒன் வீட்டுக்குக் கொண்டு போ."

"அய்யய்யோ, அவுங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க."

"அப்ப மூத்திரத்துலயே கெடக்கட்டும். எனக்கென்ன?"

அந்த வீட்டில் அக்கா, தங்கச்சி பார்க்காமல் இருவரையும் 'ஆத்தா' என்று கூப்பிட்ட ஒரே ஆள் ராஜலிங்கம்தான். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. கலாராணி அதைப் பார்த்தாள். துடைக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸுக்கு நடந்தாள்.