வள்ளல் ஆர்வில்

ஆர்வில் ஹாஸ்பிரக்குக்கு எழுபது வயதில் திடீரென்று கருணை பிறந்தது. சினிமாக்காரர்கள் ஊருக்குள் வந்த வாரம்தான் அது பிறந்தது என்பதில் அவன் மனைவி லெட்டிக்குச் சந்தேகமே இல்லை.

நாற்பது வருடங்களுக்கு முன்னால் பக்கத்துப் பண்ணையில் ஹிப்பிகள் நடத்திய இசைத் திருவிழாவை, சிரிக்கவும் அழவும் வைக்கிற படமாக எடுக்க வந்திருந்தார்கள். அந்தத் திருவிழாவுக்கு ஆர்வில் செய்த ஒரே தொண்டு, தன் வீட்டு வாசலில் இருந்த அடிபம்பின் கைப்பிடியைச் சங்கிலியால் கட்டிப் பூட்டியதுதான்.

"குளிக்காத பயலுகளுக்கு என் கிணத்துத் தண்ணி ஒரு கேடா?"

வேலிக்கு அந்தப் பக்கம் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி காலிப் புட்டியோடு நின்றாள். புதுப்பெண்ணாக இருந்த லெட்டி சாவியைக் கேட்டாள். அவன் கொடுக்கவில்லை. பிறகு வாழ்ந்ததும் அப்படித்தான். பசுக்களையும் கறந்தான், மனிதர்களையும் கறந்தான், தேவாலயத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்கினான். பூட்டுக்கு மட்டும் மறக்காமல் எண்ணெய் போட்டான்.

அப்பேர்ப்பட்டவன் இப்போது ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் பான்கேக்கை மென்றுகொண்டே இயக்குநர் பெக்காவிடம் உருகினான்.

"எல்லாம் நம்ம புள்ளைங்கதானேம்மா! வாளி வாளியா அடிச்சுக் கொடுத்தேன். கை காய்ச்சுப்போச்சு."

பெக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இது அப்படியே படத்துல வரணும் சார். நீங்களே நடிங்க."

வீட்டில் லெட்டி கேட்டாள்: "ஊரே பாக்குற படத்துல இந்தப் புளுகு வரும். நான் பக்கத்துல உக்காந்து தலையாட்டணுமா?"

"வாயை மூடிட்டு இரு, போதும். எனக்கு நல்ல பேரு வந்தா உனக்கு எங்க வலிக்குது?"

படப்பிடிப்பு அன்று, திருவிழாவில் பெய்த மழைக்குப் பதிலாகக் குழாயைத் திறந்துவிட்டுச் சேறு பண்ணினார்கள். அதில் வாடகை முடி வைத்த பிள்ளைகள் புரண்டார்கள். இவனுக்கு ஏற்ற போலிக் கூட்டம்தான் என்று லெட்டி நினைத்துக்கொண்டாள். சங்கிலியைக் காலையிலேயே கழற்றிக் கொட்டகையில் ஒளித்துவிட்டிருந்தான் ஆர்வில்.

வயிற்றில் தலையணை கட்டிய பெண் புட்டியை நீட்டினாள். ஆர்வில் கருணை வழியப் பம்பிடம் போனான். அவன் கை நேரே இடுப்புக்குப் போனது. சாவியை உருவியது. வெறும் கைப்பிடியில் பூட்டைத் தேடித் தடவியது.

"சார், அது என்ன சாவி?" என்றாள் பெக்கா.

"அதாம்மா, இவரு வாளி வாளியா அடிச்சுக் கொடுத்த சாவி," என்றாள் லெட்டி. அவனைத் தள்ளிவிட்டு, தானே பம்பை அடித்துப் புட்டியை நிரப்பினாள்.

பெக்கா கேமராவை நிறுத்தவில்லை. படம் வெளிவந்தபோது, திரையரங்கில் சாவி தெரிந்ததும் ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

ஆர்வில் லெட்டியின் பக்கம் சாய்ந்தான். "பாத்தியா, என் நடிப்புக்கு என்னா வரவேற்பு!"

லெட்டி தலையாட்டவில்லை.