என் பேர் வெட்டிய லென்ஸ்

கல்யாண வீட்டுப் பந்தியில் வைத்துத்தான் அவன் அந்தப் பேச்சைப் பேசினான். அவன் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மகன். சிவகாசியில் அச்சாபீஸ் நடத்துகிறான். காலண்டர், டைரி என்று சீசனில் நிற்க நேரமில்லாத கம்பெனி.

"நம்ம ஆபீசு பழைய கேமரா ரூம்ல ஒரு பித்தளை லென்ஸ் இருந்துச்சுல்ல, அது சித்தி வீட்டுல கெடக்கு. பாகம் பிரிச்சப்ப சட்டி பானையோட சட்டி பானையா போயிருச்சு" என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது. நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். பாயசம் இன்னும் வந்திருக்கவில்லை.

அச்சுக்குப் படம் எடுக்கும் அந்தக் கேமரா ரூமில்தான் என் வீட்டுக்காரர் வேலை பார்த்தார். இப்போது அவர் இல்லை. அந்த ஆபீஸ் லென்ஸ் எப்படித் தொலைந்தது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பது என்னைப் பெற்ற அய்யாவுடையது. விருதுநகர் பஜாரில் மாடியில் போட்டோ பிடிக்கும் படக்கடை வைத்திருந்தார். கடையை மூடியபோது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, இதை மட்டும் என் கையில் தந்தார். இதை நான் சொல்லாத ஆள் இல்லை. ஆனாலும் போன மனுஷனைத் திருடனாக்கிச் சிரித்தார்கள்.

லென்ஸில் என் பேர் வெட்டியிருக்கிறது. அதுவும் அவனுக்கு ஒரு பேச்சு. கூட்டுக் குடும்பம் பிரிந்தபோது, மருமகள்கள் கொண்டுவந்த பித்தளையெல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தது. பிறகு சண்டை வரக் கூடாது என்று அவரவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போய்ப் பேர் வெட்டிக்கொண்டோம். அண்டா, குடம், தூக்குவாளியோடு லென்ஸையும் கூடையில் வைத்தேன். உளி பிடித்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்னத்தம்மா சமைப்பீக?"

"மனுச மூஞ்சிய" என்றேன்.

லென்ஸின் வளையத்தைச் சுற்றி ஏதோ இங்கிலீஷ் எழுத்து ஓடியது. என் பொருளில் அடுத்தவன் பேர் எதற்கு? அதன் மேலேயே வெட்டச் சொன்னேன். ஆழமாக வெட்டினார். எனக்கு அதிகம் வாசிக்கத் தெரியாது. அந்த எழுத்தை இருட்டிலும் விரலால் தடவி வாசிப்பேன்.

பந்திப் பேச்சுக்குப் பிறகு, அவனே ஒருநாள் காரில் வந்து இறங்கினான். கூடவே மதுரைக்காரர் ஒருவர், பழைய கேமராக்கள் வாங்கி விற்பவர். புது ஷோரூமில் கண்ணாடிப் பெட்டிக்குள் லென்ஸை வைக்கப் போகிறானாம்.

"சித்தி, கோவப்படாதீக. இவரு பாத்துச் சொல்லட்டும். நம்ம ஆபீசு லென்ஸ்னா எடுத்துக்கிடுதேன்."

"இல்லைன்னா?"

லென்ஸை எடுத்துக்கொண்டு வந்து மதுரைக்காரர் கையில் கொடுத்தேன். பயமாகத்தான் இருந்தது. அய்யா சொன்னதைத் தவிர என்னிடம் வேறு சாட்சி இல்லை. கொடுக்காவிட்டால் பயந்துவிட்டேன் என்று அதையும் ஒரு பந்தியில் பேசுவான்.

அவர் வளையத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "செஞ்ச கம்பெனி பேரு இங்கதானம்மா இருக்கும். யாரு இப்பிடி வெட்டுனது?"

"நான்தான் வெட்டச் சொன்னேன். கம்பெனிக்காரன் வந்து கேட்டா அனுப்பி விடுங்க."

அவர் சிரித்துவிட்டார். பிறகு ஒரு அகலமான வெள்ளைக் காகிதம் வேண்டும் என்றார். சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி முதுகுப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு ஜன்னலை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் சாத்தச் சொன்னார். காகிதத்தை அவனைப் பிடிக்க வைத்து, லென்ஸை ஜன்னலுக்கு நேராக நீட்டி முன்னும் பின்னும் நகர்த்தினார்.

காகிதத்தில் எங்கள் தெரு தலைகீழாக வந்து நின்றது. வேப்பமரம் கீழ்நோக்கி வளர்ந்திருந்தது. பட்டாசு ஆலை வேன் ஒன்று, சக்கரம் மேலே இருக்க, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள் போல நடுவில் அவ்வளவு தெளிவு. ஓரத்தில் மட்டும் எல்லாம் கரைந்து கிடந்தது. அவர் எவ்வளவு நகர்த்தியும் ஓரம் தெளியவில்லை.

"யாரு செஞ்சதுன்னு சொல்ல முடியாது. எதுக்குச் செஞ்சதுன்னு சொல்லலாம்" என்றார் மதுரைக்காரர். "இது ஆள உக்கார வச்சுப் படம் புடிக்கிற லென்சு. மூஞ்சி தெளிவா விழும், சுத்தி மங்கிரும். அச்சுக்குப் படம் எடுக்கிற லென்சு இப்பிடி இருக்காது சார். மூலைக்கு மூலை ஒண்ணுபோல விழணும்."

அவன் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். காலண்டர் அடிக்கிறவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. "ஆமா. இத வச்சு அடிச்சா ஓரத்துல இருக்க சாமியெல்லாம் பொகையாப் போயிருக்கும்" என்றான் மெதுவாக.

"அப்ப இது யாரோடது?"

"உங்க அய்யாவோடதுதான், சித்தி."

"எனக்குத்தான் தெரியுமே. பந்தியில சிரிச்சவுகளுக்குச் சொல்லு. மொதல்ல ஒங்க அக்காவுக்குப் போனப் போடு. அவதான் பெருசா சிரிச்சா."

"இப்பவா?"

"இப்பத்தான். நான் கேக்கணும்."

போட்டான். ஸ்பீக்கரை வைக்கச் சொன்னேன். சித்தி வீட்டு லென்ஸ் நம்முடையது இல்லை, சித்தப்பா எதையும் எடுக்கவில்லை என்று முணுமுணுத்தான்.

"ஏலே, பந்தியில இம்புட்டு மெதுவாவா பேசுன?" என்றேன்.

சத்தமாக இன்னொரு தடவை சொன்னான். மறுமுனையில் அவன் அக்கா கேட்டாள்: "தம்பி, சித்தி பக்கத்துல இருக்காகளா?"

"பக்கத்துலதான் இருக்கேன்" என்றேன். "நீ போன வச்சிட்டு மத்தவுகளுக்கும் சொல்லு."

மதுரைக்காரர் லென்ஸை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். கம்பெனி எழுத்தைக் கெடுக்காமல் வைத்திருந்தால் எங்கெங்கிருந்தோ வாங்க ஆள் தேடி வந்திருப்பார்கள் என்றும், இனி ஒருத்தரும் கேட்க மாட்டார்கள் என்றும் வருத்தப்பட்டார். நல்லது என்றேன்.

வாசல் வரை போன அண்ணன் மகன் திரும்பி வந்தான். ஷோரூம் திறக்கும் அன்று ஒரு நாள் மட்டும் வைத்துவிட்டு, அய்யா பேரும் எழுதி வைத்து, சாயந்திரம் அவனே கொண்டுவந்து தருவதாகக் கேட்டான். இந்தத் தடவை கேட்க வேண்டிய விதத்தில்தான் கேட்டான்.

நான் கொடுக்கவில்லை.