மச்சானுக்காக நான் முகர்ந்த கொழுந்து

புளிக்கும் கொழுந்தை அள்ளி முகத்தருகே கொண்டுசெல்லும் அந்தக் கை இன்னும் என் கண்முன் நிற்கிறது. இலங்கை மலையகத்தில் தெமோதரைக்கு மேலிருந்த எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், உருட்டி நசுக்கிய கொழுந்து பதமாகப் புளித்துவிட்டதா என முகர்ந்து சொல்லும் பணி என் அக்காள் கணவருக்குரியது. பச்சை வாடை நீங்கிப் பழமணம் எழும் கணத்தில் அவர் தலையசைப்பார். உடனே கொழுந்து உலர்த்தும் அறைக்குச் செல்லும். தோட்டத்தை நிர்வகித்த துரையே அந்த மூக்கை நம்பினார். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தை விட்டு அவர் தனிவீட்டுக்குக் குடிபோனதும் அந்த மூக்கினால்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், அதே தொழிற்சாலையில் எழுத்தராயிருந்த என்னை அருகழைத்து, "தம்பி, என் மூக்கு பெரட்டுக்கே வரமாட்டேங்குது. உன் மூக்கக் கொஞ்சம் அனுப்பி வை," என்றார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மூக்கு வரவில்லை என்றதும் நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வெளிய சொல்லிறாத. தெரிஞ்சா நாளைக்கே மம்பட்டியக் குடுத்து மலைக்கு ஏத்திருவாங்க. உங்க அக்காளுக்கும் தெரிய வேணாம்."

அன்றிலிருந்து நான் முகர்ந்தேன், பதம் வந்ததும் இருமினேன், அவர் தலையசைத்தார். ஓராண்டுக்கு மேலாக ஒருவரும் ஐயுறவில்லை. அந்தச் சாமர்த்தியத்தில் எனக்குப் பெருமிதமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. இடையே அவர் மூக்கில் குருதி கசிந்தபோது தோட்டத்து மருந்தாளர் வெறும் மூக்குச் சளி, பீனிசம் என்று சொட்டுமருந்து கொடுத்தார். மணம் அற்றுப்போனதை அவரிடமும் நாங்கள் சொல்லவில்லை.

இடக்கண் பிதுங்கி, ஒன்று இரண்டாகத் தெரியத் தொடங்கிய பின்னரே பதுளை மருத்துவமனைக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் போனோம். மூக்கின் கூரையாயும் மூளையின் தளமாயும் அமைந்த மெல்லிய எலும்பில் புற்றுக்கட்டி முளைத்திருந்தது. அறுவை மருத்துவர் நெற்றியெலும்பைத் திறந்து, கட்டி மூளைக்குள் ஊடுருவியிருப்பதைக் கண்டு, எட்டியதை மட்டும் அகற்றி மூடிவிட்டார். மணம் நின்றபோதே வந்திருந்தால் முழுவதையும் எடுக்க முயன்றிருக்கலாம் என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அக்காளுக்கு நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "முன்னமே வந்திருக்கணுமாம்," என்று மட்டும் சொன்னேன்.

மூன்று மாதங்களில் மச்சான் போய்விட்டார். இன்று நெற்றியைத் திறவாமல், நாசித் துளை வழியே கருவி செலுத்தி இத்தகைய கட்டிகள் சிலவற்றை எடுக்கிறார்களாம். அதைப் படித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்காள் சாகும்வரை மருந்தாளரையே ஏசினாள். "அந்தப் பாவிதானே பீனிசம்னு சொன்னான். நீ சொல்லு தம்பி, நமக்கு என்ன தெரியும்?"

"நமக்கு ஒண்ணும் தெரியாதுக்கா," என்பேன்.

அந்த மருந்தாளர் எங்களை வழியில் கண்டால் தலைகுனிந்து ஒதுங்குவார். நான் ஒருநாளும் அவரை நிமிரச் சொன்னதில்லை.