அவர் வட்டமிட்ட சொல்

அது பள்ளி மாணவர்களுக்கான ஓர் ஆங்கில அகராதியின் மெய்ப்புத் தாள். பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்; ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. பம்பாய் தாதரில் ஒரு பதிப்பகத்தில் நான் துணையாசிரியராக இருந்தேன். மெய்ப்புப் பார்ப்பவர் எழுத்துப் பிழையைத்தான் திருத்த வேண்டும், பொருளைப் பற்றிக் கேட்பது அவர் வேலையல்ல என்பது அங்கே வழக்கம். அதனால் சற்று எரிச்சலோடுதான் அவரைக் கூப்பிட்டேன்.

அவர் தாராவிக்காரர். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். என்னுடையது மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் பாலக்காட்டுப் பிராமணக் குடும்பம். அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். இருந்தும் மழையையும் ரயில் தாமதத்தையும் தவிர வேறெதையும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

வட்டமிட்ட சொல் 'பரையா'. பொருள், பிறரால் ஒதுக்கப்பட்டவர். கீழே ஓர் எடுத்துக்காட்டு: ஏமாற்றியது தெரிந்த பிறகு அவனை எல்லோரும் ஒரு பரையாவைப் போல நடத்தினார்கள்.

"இது எங்க சாதிப் பேரு மேடம்," என்றார். குரலில் கோபமில்லை. "ஊர்ல எங்கப்பாவை இதச் சொல்லித்தான் கூப்பிடுவாவ. அது காதுல விழக் கூடாதுன்னுதான் பம்பாய்க்கே வந்தாவ."

எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை நினைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அன்று மாலை பெரிய அகராதிகளை எடுத்துப் புரட்டினேன். பறை அடித்த மக்களின் பெயர் அது. சில நூற்றாண்டுகளுக்கு முன் நம் கடற்கரைகளில் வாணிபம் செய்ய வந்த ஐரோப்பியர்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். முதலில் ஒரு சாதிக்கு, பிறகு தீண்டத்தகாதவர் என்று தள்ளிவைக்கப்பட்ட எல்லோருக்கும், பிறகு உலகில் எங்கேயும் ஒதுக்கப்பட்ட யாருக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. நடுவில் தெருநாய்க்கும் ஒரு வகைப் பருந்துக்கும்கூட வைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயர்கள் அந்த இழிவைப் புதிதாக உண்டாக்கவில்லை. எங்களைப் போன்ற வீடுகளில் அந்தப் பெயரைச் சொன்ன தொனியையும் சேர்த்தே எடுத்துப் போனார்கள்.

எடுத்துக்காட்டு வாக்கியத்தை நீக்க வேண்டும், சொல் எங்கிருந்து வந்தது, யாரைப் புண்படுத்தும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அவர் கேட்டது இவ்வளவுதான். நான் இயக்குநரிடம் போனேன். "இப்போது அது ஆங்கிலச் சொல். தமிழ் என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது?" என்றார் அவர். ஞாபகம் இருக்கிறவர் அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் சொல்லியிருக்கலாம். தலையாட்டிவிட்டு வந்தேன்.

"அழுத்திச் சொன்னீங்களா மேடம்?"

"சொன்னேன்," என்றேன்.

அடுத்த பதிப்பிலும் அவர் வட்டமிட்டார். அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு முறையும் நான் கொண்டுபோனேன்; ஒவ்வொரு முறையும் என் குரல் இன்னும் தணிந்தது. ஒரே விஷயத்தோடு திரும்பத் திரும்ப வருகிறவள் என்று பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை.

அந்த ஆண்டு அவருடைய மகள் படித்த பள்ளியில் எங்கள் அகராதியைப் பாடத்துக்கு வைத்தார்கள். வீட்டுப்பாடமாகப் பத்துச் சொற்களுக்கு வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். அதில் இதுவும் ஒன்று. அவர் அரைநாள் விடுப்பு எடுத்துப் பள்ளிக்குப் போனார். ஆசிரியை அகராதியைத் திறந்து, முதல் பக்கத்தில் மெய்ப்புப் பார்த்தவர் என்று அச்சாகியிருந்த பெயரைக் காட்டி, "நீங்களே பார்த்துச் சரியென்று விட்டதுதானே?" என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் என் மேஜை முன் வந்து நின்றார். "பாப்பாவும் எங்கூட நின்னா மேடம். எம்பேரு போட்டிருந்த பக்கத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. எம்பேர எடுத்திருங்க, போதும்."

நான் ஒரு வரி எழுதி அனுப்பினேன். அன்றைக்கே ஒப்புதல் வந்தது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வாக்கியத்தை எடுக்க மூன்று பதிப்பில் முடியவில்லை. மனிதரை எடுக்க ஒரு பகல் போதுமாக இருந்தது. இரண்டு மாதத்தில் அவர் செம்பூரில் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது நான் ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்டேன். போன மாதம் புதிய பதிப்பு வந்தபோது, இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதி, இதைச் சேர்க்காவிட்டால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்று கொடுத்தேன். இழுபறிக்குப் பிறகு 'தமிழிலிருந்து வந்தது' என்ற ஒரு வரி கிடைத்தது. வாக்கியம் போகவில்லை. புண்படுத்தும் சொல் என்ற எச்சரிக்கையும் வரவில்லை.

அவருக்குப் போன் செய்தேன். பின்னணியில் ஸ்டேஷன் சத்தம். விஷயத்தைச் சொன்னேன்.

"தமிழ்லேருந்துன்னு மட்டும் போட்டிருக்காங்களா?"

"ஆமாம்."

"யாரு பேருன்னு போடல?"

"இல்லை."

"மொதத் தடவையே இப்படி எழுதிக் கேட்டிருக்கலாம் மேடம்," என்றார். பிறகு, ரயில் வந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தார்.